பழைய பிக்கப்பின் மைலேஜ்: வாங்கும் முன்பே பாருங்கள்

நண்பரே, 2017 பொலிரோ பிக்கப், ஒட்டன்சத்திரத்திலிருந்து கோவைக்குக் காய்கறி லோடு, விற்பவர் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்கிறார், வாங்கிய பிறகு இன்னும் கூட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 14-ஐ முதலில் மறந்துவிடுங்கள். டேங்கை நிரப்பி, லோடோடு 100 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே பதில்தான்.

ஓட்டி முடித்து இறங்கியதும் நாலு வீல் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலடித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. என் வண்டியில் பின்பக்க இடது வீல் இப்படித்தான் இருந்தது. மைலேஜ் வரவில்லையே என்று, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டிச் செலவழித்த பிறகுதான் பிரேக் ஷூ என்று தெரிந்தது. சமதளத்தில் நியூட்ரலில் போட்டால் காலி வண்டி இரண்டு பேர் தள்ளி உருளணும்.

அப்புறம் கிளட்ச். மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) முதலில் பார்க்கச் சொல்லுங்கள், இன்ஜெக்டர் கடைசி.

வாங்கிய பிறகு உங்கள் கையில் இருப்பது டயர் காற்றும் வலது காலும்தான். 80-க்குப் பதில் 60-இல் போங்கள். காலியாகத் திரும்பும்போது தார்ப்பாயைக் கழற்றி மடித்து வையுங்கள், காற்றில் புடைத்துக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். டீசலில் ஊற்றும் மைலேஜ் பாட்டில் எல்லாம் வேண்டாம், அந்தக் காசுக்கு டீசலே போடலாம்.