கலிபோர்னியாவில் யார் குடியிருக்கலாம்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சன்னிவேலில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, ஐந்து வயது மகளோடு கிளம்பலாம் என்று யோசிக்கிறேன். வருடம் முழுக்க வெயில், பக்கத்திலேயே கடல், நல்ல பள்ளிக்கூடங்கள் என்கிறார்கள். காட்டுத்தீதான் பயமாக இருக்கிறது. தெருவில் கூடாரம் போட்டுப் படுத்திருப்பவர்கள் எல்லாம் போதைக்காரர்கள், அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றார் ஒரு நண்பர். நீங்கள் அங்கே இருந்தவர். குடும்பத்தோடு வாழ ஏற்ற இடமா?

கா.

அன்புள்ள தம்பி,

வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். மகளுக்கு என் அன்பு.

வெயில் நன்றாக இருக்கும். பள்ளிக்கூடம் பற்றி உங்கள் நண்பர்களே சொல்வார்கள். கடலில் மட்டும் மகளைச் சட்டென்று இறக்கிவிடாதீர்கள். வடக்கிலிருந்து குளிர்நீரோட்டம் வரும் கரை அது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் கோடையிலும் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தீயைப் பற்றிய பயம் நியாயமானது. 2018இல் பாரடைஸ் என்ற ஊரே எரிந்து 85 பேர் செத்தார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் பாலிசேட்ஸ், ஆல்டடினா என்ற குடியிருப்புப் பகுதிகள் எரிந்தன. சன்னிவேல் சமவெளியில் இருக்கிறது, அங்கே வருவது பெரும்பாலும் புகைதான். வீட்டில் நல்ல முகக்கவசம் வைத்திருங்கள்.

அந்த நண்பர் சொன்னதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஃப்ரீமாண்டில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு மனு அனுப்பினார். தெருமுனையில் நாலு மாடிக் குடியிருப்பு வருகிறதாம், அதை நிறுத்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

போதைதான் காரணம் என்ற பேச்சை விடுங்கள். அமெரிக்காவில் போதை மருந்தால் சாகிறவர்களின் விகிதம் பல வருடங்களாக மிக அதிகம் மேற்கு வர்ஜீனியாவில். அங்கே இப்படித் தெருத்தெருவாகக் கூடாரங்கள் கிடையாது, ஏனென்றால் வாடகை குறைவு. கலிபோர்னியாவில் 2024 கணக்கெடுப்பில் 1,80,000 பேருக்கும் மேல் வீடில்லாமல் இருந்தார்கள். அதே வருடம் அந்த மாநிலத்தில் தனிவீட்டின் இடைநிலை விலை 9 லட்சம் டாலரைத் தாண்டியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் தெருவில் கிடப்பவரைக் குறை சொல்வது அநியாயம், தம்பி. அடுத்த முறை அந்த நண்பர் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

நான் தங்கியிருந்த அந்த உறவினர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார். மெக்சிகோக்காரர். மலைக்கு அந்தப் பக்கம் மான்டீகா என்ற ஊரில் வீடு. விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் கிளம்பி, ஆல்டமான்ட் கணவாய் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்வார். தன் பிள்ளைகள் எழுந்திருப்பதைப் பார்க்காமலே வந்து எங்கள் வீட்டுப் பிள்ளையை எழுப்பிப் பல் தேய்த்துவிடுவார். பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கக்கூடாதா என்று கேட்டேன். ஒரு அறையின் வாடகையைச் சொன்னார். அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

பக்கத்தில் இடமா இல்லை? இருக்கிறது. கட்ட விடுவதில்லை. பெர்க்லி நகரம் 1916இலேயே, சில தெருக்களில் தனிவீடு தவிர வேறு எதுவும் கட்டக்கூடாது என்று விதி போட்டது. பிறகு அந்த வழக்கம் எங்கும் பரவியது. 1978இல் ‘முன்மொழிவு 13’ என்று, மாநில மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த வரிச் சட்டம் வந்தது. வாங்கிய விலையில் ஒரு சதவீதம் சொத்து வரி, அந்த மதிப்பும் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. வரி கட்ட முடியாமல் வயதானவர்கள் வீட்டை விற்கும் நிலை அப்போது இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் வீட்டு விலை எவ்வளவு ஏறினாலும் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கு வலிக்காது, லாபம்தான். நகரசபைக்கும் வீடுகளால் வரும் வரி குறைவு. கடை வந்தால் விற்பனை வரி கிடைக்கும். அதனால் கடைக்கும் ஆபீசுக்கும் வரவேற்பு, குடியிருப்புக்குக் கதவடைப்பு. வேலை மட்டும் பெருகி வீடு பெருகாவிட்டால், அந்த அம்மாவைப் போன்றவர்கள் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். தனிவீட்டு மனையில் கூடுதல் வீடுகள் கட்ட மாநிலம் சட்டம் போட்டதும், வுட்சைட் என்ற பணக்கார ஊர் 2022இல் தன் எல்லை முழுவதும் மலைச்சிங்கம் என்ற காட்டு விலங்கின் வாழிடம், அதனால் அந்தச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்தது. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் கண்டித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் பின்வாங்கியது. இதைச் செய்தவர்கள் படித்தவர்கள், தம்பி.

வுட்சைட்காரர்களை விடுங்கள், நம்மவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு பெட்டியோடு வந்து, நாலு பேர் ஒரு அபார்ட்மெண்டில் தங்கி, வாடகையைப் பங்கு போட்டுக் கொடுத்துத்தான் எங்கள் உறவினரும் தொடங்கினார். அன்று அந்த அபார்ட்மெண்டை யாராவது மனுப் போட்டு நிறுத்தியிருந்தால் இவர் எங்கே படுத்திருப்பார்? இப்போது போக்குவரத்து கூடும், ‘வேறு மாதிரி ஆட்கள்’ வருவார்கள் என்கிறார். அந்த வேறு மாதிரி ஆள்தான் அவர் பிள்ளையை வளர்த்தது. நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன், ஏன் என்றும் எழுதிவிட்டேன். அவர் இன்னும் பேசவில்லை.

சரி, நீங்கள் கேட்டது. போங்கள். முதலில் வாடகைக்கு இருங்கள், அலுவலகத்துக்குப் பக்கமாக, வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மகள் விழித்திருக்கும்போது வீட்டில் இருப்பீர்கள். உங்கள் தெருவில் குடியிருப்பு வரப்போவதாக நோட்டீஸ் ஒட்டினால், அன்று நகரசபைக் கூட்டத்துக்குப் போய், வரட்டும் என்று எழுந்து சொல்லுங்கள். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். அங்கே யாரும் பேசலாம், என்ன விசா என்று கேட்க மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா