மகள் புற்றுநோய் மரபியல் படிக்க ஆசைப்படுகிறாளா? கணக்கைக் கைவிட விடாதீர்கள்

உங்கள் மகள் பயோ-மேத்ஸ் குரூப். நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதவில்லை. புற்றுநோய் மரபியல் படிக்கிறேன் என்கிறாள். ‘டாக்டர் ஆகாமல் புற்றுநோயில் என்ன வேலை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து எழுதுவது டாக்டர்தான். ஆனால் எந்த மருந்து என்று அவர் முடிவெடுக்கப் பார்க்கும் மரபணு ரிப்போர்ட்டைத் தயாரிக்க உயிரியலும் கணக்கும் தெரிந்த ஆட்கள் வேண்டும். இரண்டும் ஒருசேரத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு.

அந்த வேலை என்னவென்று முதலில் பாருங்கள். கட்டி என்பது ஒரே மாதிரி செல்களின் குவியல் இல்லை. ஒரு செல்லில் தொடங்கி, பிரியப் பிரியப் புது மரபணு மாற்றங்கள் சேர்ந்து, கிளை விட்டு வளரும் வம்சம் அது. அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976-லேயே இப்படி எழுதினார். 2012-ல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரே சிறுநீரகக் கட்டியில் பல இடங்களில் துண்டெடுத்து, டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தி, அதாவது அதன் எழுத்துகளை வரிசையாகப் படித்துப் பார்த்தார்கள். கண்ட மாற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எல்லாத் துண்டுகளிலும் இல்லை. ஒரே இடத்து பயாப்சியை (பரிசோதனைக்கு வெட்டியெடுக்கும் துண்டை) மட்டும் நம்பினால் எவ்வளவு தவறிப்போகும் என்பது அன்று கண்ணெதிரே தெரிந்தது.

நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாறியிருந்தால் கெஃபிட்டினிப் மாத்திரை நன்றாகக் கேட்கும். சில மாதங்கள் கழித்து, பலருக்கு ஓராண்டு வாக்கில், கட்டி திரும்ப வளரும். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் டி790எம் என்ற இன்னொரு மாற்றம் இருக்கும். அந்த மாற்றமுள்ள செல்களை மருந்தால் கொல்ல முடிவதில்லை. மற்றவை மடிய, அவை பெருகுகின்றன. இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தால் ஒசிமெர்டினிப்புக்கு மாறலாம். பலருக்கு ரத்தப் பரிசோதனையிலேயே இது தெரிந்துவிடுகிறது.

இதில் கணக்கு எங்கே வருகிறது? பயாப்சித் துண்டில் 60% புற்றுநோய் செல்கள், மீதி சாதாரண செல்கள் என்று வையுங்கள். டி.என்.ஏ.வைப் படிக்கும் மெஷினான சீக்வென்சர் ஓரிடத்தை 100 முறை படிக்கிறது; ஒவ்வொரு முறையும் ஒரு ‘ரீடு’. மாற்றம் எல்லாப் புற்றுநோய் செல்களிலும், இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்தால், சுமார் 30 ரீடுகளில் தெரியும். அப்படியானால் அது கட்டியின் தொடக்கத்திலேயே, அடிமரத்தில் விழுந்த மாற்றம். 6 ரீடுகளில் மட்டும் தெரிந்தால், இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் மாற்றம் என்பதால் அதை இரட்டிக்க வேண்டும்: துண்டின் செல்களில் 12%, அதாவது 60%-ஆக உள்ள புற்றுநோய் செல்களில் 20% மட்டுமே அந்த மாற்றத்தைச் சுமக்கின்றன. இது பின்னால் முளைத்த கிளை. அடிமர மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்து கட்டி முழுவதையும் தொடும். கிளையைக் குறிவைப்பது அந்தக் கிளையை மட்டும் தொடும்.

தப்பு நடக்கும் இடங்களும் இங்கேதான். 30 முறை மட்டும் படித்தால் அந்தக் கிளை இரண்டே ரீடுகளில் வரும். மெஷின் பிழையா, நிஜமா என்று சொல்ல முடியாது. அதனால்தான் குறிப்பிட்ட மரபணுக்களை மட்டும் பார்க்கும் பேனல்களில் 500, 1000 முறை படிக்கிறார்கள். பாரஃபின் மெழுகு பிளாக்கில் வைத்த பழைய துண்டுகளில், பதப்படுத்தப் பயன்பட்ட ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்து, அதன் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினை இன்னொன்றான தைமினாகக் காட்டும். அந்த மரபணு இரண்டுக்குப் பதில் ஆறு, எட்டு பிரதிகளாகப் பெருகியிருந்தால் மேலே போட்ட கணக்கே பொருந்தாது. நோயாளியின் ரத்தத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தாவிட்டால், பெற்றோரிடமிருந்து வந்த சாதாரண மாறுபாடு கட்டியின் மாற்றமாகப் பட்டியலில் ஏறிவிடும். இதையெல்லாம் பிடிப்பவர்தான் நல்ல அனலிஸ்ட்.

இப்போது படிப்பு. பி.டெக். பயோடெக்னாலஜியும் சரி, பி.எஸ்சி. மரபியல், உயிர்வேதியியலும் சரி. பட்டத்தின் பெயரில் ‘கேன்சர்’ இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். இளங்கலையில் அடிப்படை அகலமாக இருப்பதே நல்லது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் கணக்கு, இயற்பியல், வேதியியலில் என்பது உங்களுக்குத் தெரியும். பலர் கவனிக்காதது அடுத்த கட்டம்: எம்.எஸ்சி.க்கான நுழைவுத் தேர்வுகளான ஜாம் (JAM) பயோடெக்னாலஜி தாளிலும், கேட்-பி (GAT-B) தேர்வின் முதல் பிரிவிலும் பிளஸ் டூ அளவிலான கணக்குக் கேள்விகள் உண்டு. பி.எஸ்சி. மூன்றாண்டும் கணக்கைத் தொடாத பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பிஎச்.டி.க்குப் போனால் யு.ஜி.சி.-சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. ஆனால் ஐந்தாறு வருஷம் பிடிக்கும். அதற்கு வீட்டில் பொறுமை வேண்டும், இதை இப்போதே பேசிவிடுங்கள். பிஎச்.டி. வேண்டாமென்றால் எம்.எஸ்சி.யோடு டயக்னாஸ்டிக் லேபில் சாம்பிள் தயாரிப்பு, டேட்டா அனலிசிஸ் வேலைகள் இருக்கின்றன. மக்களோடு பேசப் பிடிக்கும் பிள்ளைக்கு மரபணு ரிப்போர்ட்டை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கும் மரபணு ஆலோசகர் படிப்பு பொருந்தும். சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 எக்ஸோம் (டி.என்.ஏ.வில் புரதங்களுக்கான பகுதி) வரிசைகளைக் கொண்ட தரவுத்தளத்தை வெளியிட்டது. நம் ஊர் நோயாளிகளின் தரவைப் படித்துச் சொல்ல நம் பிள்ளைகள் வேண்டியிருக்கிறது.

கோச்சிங் கட்டணம் கட்டுமுன் இந்த விடுமுறையில் ஒரு சோதனை. புற்றுநோய் மரபணுத் தரவுகளைப் பார்க்க உதவும் சிபயோபோர்ட்டல் (cBioPortal) இணையதளம் இலவசம். நுரையீரல் அடினோகார்சினோமா (ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்) ஆய்வு ஒன்றைத் திறந்து, ஒரு நோயாளியின் மாற்றங்களின் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். ‘அலீல் ஃப்ரீக்வென்சி’ (மாற்றம் எத்தனை பங்கு ரீடுகளில் தெரிந்தது) என்ற பத்தியில் உள்ள எண்களைப் பார்த்து, எது அடிமரம், எது கிளை என்று அவளே காகிதத்தில் வரையட்டும். கூடவே தினம் ஒரு மணி நேரம், டேட்டாவை அலசத் தேவையான லினக்ஸ் இயங்குதளமும் பைத்தான் நிரல்மொழியும் பழகட்டும். நான்கு வாரம் கழித்தும் எழுப்பாமலே லேப்டாப்பைத் திறக்கிறாள் என்றால் விண்ணப்பப் படிவம் வாங்குங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். நீங்கள் கடைசி வருஷ மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட் மூன்றைக் கேளுங்கள். அவற்றில் டேட்டாவை மாணவர்களே அலசியிருக்கிறார்களா, வெளி நிறுவனத்தில் பணம் கொடுத்து வாங்கிய அறிக்கையா என்று உங்கள் மகளையே புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.