பத்தாவது எழுதாதவர்கள்

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவன் நான். 1997இல் பத்தாவது எழுதிய செட். வாட்ஸ்அப் குழுவில் இப்போது மொத்த செட்டும் சேர்ந்துவிட்டோம். மே மாதம் ஒன்றுகூடல், டீசர்ட்கூட அச்சுக்குக் கொடுத்தாயிற்று. கல்லூரிக் கூட்டாளிகள் யாரும் தொடர்பில் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் அப்பா தவறியபோது ஓசூர், பெங்களூரு என்று எங்கெங்கிருந்தோ ராத்திரியோடு ராத்திரியாக வந்து நின்றோம். இந்த ஒட்டுதல் எதனால்? குழுவில் அரசியல் சண்டையும் வருகிறது. என்ன செய்யலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

சாவு வீட்டில் போய் நின்றீர்கள் பாருங்கள், படித்ததும் மனசு நிறைந்தது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருடைய அப்பா குடித்துவிட்டு வருவார் என்பதெல்லாம் அந்த வயதில் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் வளர்ந்தவர்கள் நீங்கள். ஒட்டாமல் என்ன செய்யும்? அரசியல் சண்டையை அட்மின் பார்த்துக்கொள்ளட்டும்.

மொத்த செட்டும் சேர்ந்துவிட்டது என்கிறீர்களே, அந்தக் கணக்கைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1992இல் உங்களோடு ஆறாவது சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? பத்தாவது ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் எத்தனை பேர்? வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண்கள் எங்கே? திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் போன பையன்கள் எங்கே? பத்தாவது ரிசல்ட் நன்றாக வர வேண்டும் என்று ஒன்பதாவதிலேயே பெயில் போட்டு வைத்தார்களே, அவர்கள்? எட்டாவது வரை பெயில் போடக் கூடாது என்ற சட்டம் 2009இல்தான் வந்தது. அதுவும் ஒன்பதாவதைத் தொடவில்லை.

எங்கள் செட் கூடியபோது பந்தல் போட வந்தவன், ஒன்பதாவது 'பி'யில் எங்களோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அந்த வருஷம் பெயிலானதோடு நின்றுவிட்டான். குழுவில் அவன் நம்பர் கிடையாது. வேலை முடிந்து வண்டியில் சாய்ந்து நின்றபடி, எங்கள் வகுப்பு அட்டெண்டன்ஸை வரிசை பிசகாமல் சொன்னான். தன் பெயர் வந்ததும் 'உள்ளேன் ஐயா' என்று தானே சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். பட்டம் வாங்கியவர்கள் ஒருவருக்கும் அந்த வரிசை ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்தை இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்தவனுக்கு மேடையில் ஒரு துண்டு போர்த்த ஆளில்லை. பில்லில் ஐநூறு குறைக்கச் சொல்லி அவனிடம் பேரம் பேசினார்கள்!

நீங்கள் செய்யப்போவதும் அதுதான். அதனால்தான் கோபமாக எழுதுகிறேன். தலைமையாசிரியர் அறை பீரோவில் சேர்க்கை நீக்கல் பதிவேடு இருக்கும். முறைப்படி கேட்டு, 1992 ஜூன் பக்கங்களிலிருந்து பெயர்களை எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள். பெண்களைக் கட்டிக்கொடுத்த ஊர் அவர்களின் அம்மாக்களுக்குத் தெரியும், வீட்டுக்கே போய்க் கேளுங்கள். 'பெயிலானவன் வந்தால் கூச்சப்படுவான்' என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள், கூச்சம் கூப்பிடாதவர்களுக்குத்தான் இருக்க வேண்டும். டீசர்ட்டில் '1997 பத்தாம் வகுப்பு' என்பதை எடுத்துவிட்டு '1992 ஆறாம் வகுப்பு' என்று போடச் சொல்லுங்கள். அச்சாகிவிட்டது என்றால் அந்த டீசர்ட்டே வேண்டாம்.