ஆயிரம் வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் போதுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், உதிரிபாகங்களை வாங்கித் தானே ஒரு கேமிங் கணினியைக் கோத்துக்கொள்ள விரும்புகிறான். ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டும் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசரும் முடிவாகிவிட்டன. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், 1600 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) இல்லாமல் இந்தக் கார்டு ஓடாது என்கிறார். அதே தெருவில் இன்னொரு கடையில், நான் கேள்விப்பட்டிராத பெயருடைய 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை, அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது? இவ்வளவு வாட் என்றால் மின்கட்டணம் எகிறிவிடாதா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். முதல் கடைக்காரர் உங்கள் தேவைக்கு மேல் விற்கப் பார்க்கிறார். இரண்டாமவர் விற்பது ஆயிரம் வாட்தானா என்பதே ஐயத்துக்குரியது.

கணக்கை முதலில் போட்டுவிடுவோம். ஆர்டிஎக்ஸ் 5090க்கு என்விடியா அறிவித்திருக்கும் மின்நுகர்வு 575 வாட். முழுக் கணினிக்கும் சேர்த்து அந்த நிறுவனமே பரிந்துரைப்பது 1000 வாட். உங்கள் பிராசசருக்கு 120 வாட் என்று குறிப்பிட்டிருந்தாலும், மதர்போர்டு அதற்கு 162 வாட் வரை எடுத்துக்கொள்ள இடம் தரும். மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 80 வாட் வைத்துக்கொண்டாலும் மொத்தம் 817 வாட்தான் வருகிறது. விளையாடும்போது பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அரிது என்பதால், நடைமுறையில் இதற்கும் கீழேயே நிற்கும். 1600 வாட்டுக்கு இங்கே வேலையே இல்லை.

ஆனால் 575 என்பது சராசரி அளவு என்பதை மறந்துவிடக் கூடாது. நவீன கார்டுகள், கண்ணிமைக்கும் நேரத்தை விடவும் மிகச் சிறிய ஒரு கணத்தில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை இழுத்துவிட்டு மறுபடியும் இறங்கிவிடும். 2020இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது, கணக்குப்படி போதுமான எஸ்.எம்.பி.எஸ். வைத்திருந்தவர்கள் சிலருக்கும் விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணைந்துபோனதற்குக் காரணம் இதுதான். அந்தத் திடீர் ஏற்றத்தைக் கோளாறு என்று எண்ணி, பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. இதைக் கருத்தில் கொண்டே இன்டெல் 2022இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற வரையறையை வெளியிட்டது. அதன்படி, இத்தகைய கார்டுகளுக்கான எஸ்.எம்.பி.எஸ்., தன் அளவைப் போல இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோநொடி வரை அணையாமல் தாங்க வேண்டும். ஆகவே ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பின் வந்த 3.1 தரத்துக்கு உட்பட்ட 1000 வாட் பெட்டி, அந்தத் தரம் வருமுன் செய்யப்பட்ட 1200 வாட் பெட்டியை விட உங்களுக்குப் பொருத்தமாக இருக்கக்கூடும்.

இனி அந்த மலிவான பெட்டி. கடையில் அதை எடுத்துத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பெட்டி 12, 5, 3.3 வோல்ட் எனத் தனித்தனித் தடங்களில் மின்சாரம் தரும்; கார்டும் பிராசசரும் பயன்படுத்துவது பெரும்பாலும் 12 வோல்ட் தடத்தைத்தான். உண்மையான 1000 வாட் பெட்டியில் அந்தத் தடத்துக்கு எதிரே 83 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 83ஐ 12ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஆயிரம் வந்துவிடும். உங்களுக்குக் காட்டிய பெட்டியில் 30 ஆம்பியர் என்றோ 40 ஆம்பியர் என்றோ இருந்தால், அது 360 அல்லது 480 வாட் பெட்டிதான். மேலே பெரிய எழுத்தில் இருப்பது வெறும் அலங்காரம். எடையைத் தூக்கிப் பார்த்துத் தரத்தைச் சொல்லும் பழைய வழக்கம் முழுக்கத் தவறில்லை என்றாலும், இந்த ஒரு வரியைப் படிப்பது அதைவிட நம்பகமானது.

அடுத்து, எந்த வெப்பநிலையில் ஆயிரம் வாட் என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் 50 டிகிரி செல்சியசில் முழு அளவைத் தொடர்ந்து தரும் என்று எழுதியிருப்பார்கள். சிலர் 40 டிகிரி என்பார்கள். மலிவானவற்றில் இந்தத் தகவலே இருக்காது. மே மாதத்துச் சென்னையில், ஏ.சி. இல்லாத அறையில், 575 வாட் கார்டு ஒன்று வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும் கேபினெட்டுக்குள் 40 டிகிரி என்பது எளிதில் கடந்துவிடக்கூடிய எல்லை. உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகங்கள்) 105 டிகிரிக்கானவையா, 85 டிகிரிக்கானவையா என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு.

கடைக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்லும் ‘கோல்டு’, ‘பிளாட்டினம்’ என்ற 80 பிளஸ் முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்தச் சோதனையும் சுமார் 23 டிகிரி அறை வெப்பத்தில் நடப்பது. பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதற்கு அந்த முத்திரை உறுதி தராது. 2021இல் ஜிகாபைட் நிறுவனத்தின் 750, 850 வாட் மாடல்கள் இரண்டு, கோல்டு முத்திரை இருந்தும், மிகைச்சுமைச் சோதனைகளில் வெடித்துச் செயலிழந்ததாக விமர்சகர்கள் வெளியிட்டார்கள். அந்த நிறுவனம், மின்சாரம் துண்டிக்கப்படும் எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 சதவீதமாகக் குறைத்ததுடன், குறிப்பிட்ட வரிசை எண்களை மாற்றித் தரவும் முன்வந்தது.

மின்கட்டண அச்சத்துக்கு வருகிறேன். 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் ஆயிரம் வாட் இழுப்பதில்லை. கணினி எவ்வளவு கேட்கிறதோ அதையும், மாற்றத்தில் வீணாகும் சிறு பகுதியையும் மட்டுமே இழுக்கும். கட்டணத்தை ஏற்றுவது கார்டுதான். கோல்டிலிருந்து பிளாட்டினத்துக்குப் போனால் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், 600 வாட் சுமையில் தினமும் நான்கு மணி நேரம் விளையாடுவதாக வைத்துக் கணக்குப் பாருங்கள். 92 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 652 வாட்டும், 94 சதவீதத்தில் 638 வாட்டும் போகும். ஆண்டுக்கு வித்தியாசம் சுமார் 20 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 160 ரூபாய்தான். சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்துப் பிளாட்டினம் வாங்குவதற்கு இது காரணமாகாது. அந்த மாடலில் விசிறி ஓசை குறைவு, உத்தரவாதக் காலம் அதிகம் என்பன போன்ற காரணங்கள் இருந்தால் அது வேறு விஷயம்.

பணத்தை விட அதிகக் கவனம் தேவைப்படுவது கார்டில் செருகும் அந்த 12 முனை இணைப்பான். பழைய 8 முனை இணைப்பான் 150 வாட்டுக்கானது. அதன் மூன்று 12 வோல்ட் ஊசிகளில் ஒவ்வொன்றிலும் சுமார் 4.2 ஆம்பியர் ஓடும். புதியதோ அதைவிடச் சிறிய ஊசிகளில் 600 வாட்டைக் கடத்துகிறது. ஆறு ஊசிகளில் தலைக்கு 8.3 ஆம்பியர், தாங்கக்கூடிய அளவோ 9 ஆம்பியருக்குச் சற்று மேல். ஓர் ஊசி சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கை மற்றவை சுமக்க வேண்டும், அதற்கு அங்கே இடமில்லை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வெளியான சில நாட்களிலேயே இணைப்பான்கள் உருகிய படங்கள் வரத் தொடங்கின. ஏடிஎக்ஸ் 3.1 தரத்தோடு வந்த 12வி-2×6 வடிவத்தில், முழுதாகச் செருகாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்காதபடி உணர் ஊசிகளை (இணைப்பு பொருந்தியதா என்று கார்டுக்குச் சொல்லும் சிறு ஊசிகளை) குட்டையாக்கியிருக்கிறார்கள். இதனால் ஆபத்து குறைந்ததே தவிர, ஒழிந்துவிடவில்லை. எனவே எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் வரும் நேரடி கேபிளையே பயன்படுத்தச் சொல்லுங்கள், இடையில் அடாப்டர் வேண்டாம். இணைப்பானுக்கும் கார்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகி, முதல் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குக் கேபிளை வளைக்காமல் விட வேண்டும். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துகிறது என்றால் கேபினெட்டை மாற்றுங்கள்.

ஆக, ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில், 12வி-2×6 கேபிளுடன், 50 டிகிரிக்கு அளவிடப்பட்ட, பத்தாண்டு உத்தரவாதமுள்ள 1000 வாட் கோல்டு பெட்டி உங்களுக்குப் போதும். 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9-14900கே போன்ற பிராசசராக இருந்தால் 1200 வாட் என்பேன். பிராண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாடலைப் பாருங்கள். பெயர் பெற்ற பல நிறுவனங்கள் தாமே தயாரிப்பதில்லை, சிடபிள்யூடி, சீசானிக், சூப்பர் ஃபிளவர் போன்ற ஆலைகளில் செய்து வாங்குகின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகள் இரண்டு வெவ்வேறு ஆலைகளிலிருந்து வந்திருக்கலாம். சைப்ரசில் இயங்கும் சைபெனெட்டிக்ஸ் சோதனைக்கூடம் மாடல் வாரியாகத் திறன், ஓசை அளவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. கடைக்குப் போகுமுன் அதில் ஒரு முறை தேடிவிடுங்கள்.

கேள்வி: கிரிப்டோ மைனிங்கில் ஓடிய 1600 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. விற்பவர், கணினியில் மாட்டாமலே அதை இயக்க இணைப்பானில் பேப்பர் கிளிப்பைச் செருகி, விசிறி சுற்றுவதையும் காட்டினார். வாங்கலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விசிறி சுற்றுவது, அது உயிரோடிருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று, சுமையைத் தாங்கும் என்பதற்கு அல்ல. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டு மைனிங்கைக் கைவிட்ட பிறகு சந்தைக்கு வந்த பெட்டிகளில் பல, ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் ஓடியவை. அவை ஏடிஎக்ஸ் 3.0க்கு முந்தைய காலத்தவை என்பதால், மேலே சொன்ன திடீர் ஏற்றங்களுக்கென வடிவமைக்கப்பட்டவையும் அல்ல.

அதைவிடப் பெரிய ஆபத்து கேபிளில் இருக்கிறது. கழற்றி மாட்டும் கேபிள்களின் எஸ்.எம்.பி.எஸ். பக்க முனைகளுக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் கேபிள் மற்றொன்றில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து, ஹார்டு டிஸ்க்கை நொடியில் எரித்துவிடும். பில், மீதமுள்ள உத்தரவாதம், பெட்டியுடன் வந்த அசல் கேபிள்கள் ஆகிய மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். ஒன்று இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். மேலும், முழுச் சுமையில் 1600 வாட் பெட்டி சுவரிலிருந்து 7.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது, ஏ.சி.க்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் மின்வெட்டு அதிகம். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. புதிய 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் அது ஒத்துப்போகுமா? கேபினெட்டைத் தொட்டால் சில சமயம் சுரீர் என்கிறது, எஸ்.எம்.பி.எஸ். கோளாறா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒத்துப்போகாது. 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது சுமார் 360 வாட்; நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். சுவரிலிருந்து 900 வாட் வரை இழுக்கும் கணினிக்கு 2 கேவிஏ அளவில், சுத்தமான சைன் வேவ் தரும் யுபிஎஸ் வேண்டும். படிக்கட்டு போன்ற அலைவடிவம் தரும் மலிவான யுபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும், பவர் ஃபேக்டரைத் தானே திருத்திக்கொள்ளும் இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களில் சிலவற்றை, மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் கணத்தில் அணைத்துவிடுகின்றன. மின்சாரம் நின்ற பிறகு முழுச் சுமையில் 12 மில்லிநொடி தாக்குப்பிடித்தாலே ஏடிஎக்ஸ் 3.1 தரத்துக்குப் போதும் என்பதால், யுபிஎஸ் மாறும் நேரம் 10 மில்லிநொடிக்குள் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

சுரீர் என்பதற்குப் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். காரணமல்ல, எர்த் இல்லாத பிளக் பாயின்ட்தான் காரணம். உள்ளிருக்கும் வடிகட்டிச் சுற்று, சிறிதளவு மின்சாரத்தை எர்த் கம்பிக்கு அனுப்பும்படி அமைந்தது. அந்தக் கம்பி எங்கும் போய்ச் சேராவிட்டால் கேபினெட்டின் உலோகத்தில் பாதி மின்னழுத்தம் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்கும் வரை கணினியைப் பயன்படுத்தாதீர்கள். மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின் இணைப்புள்ள வீடாக இருந்தால் நியூட்ரல் இணைப்பையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். அது அறுந்தால் 230 வோல்ட் பாயின்டில் 400 வோல்ட் வரை வரக்கூடும், அதை எந்த உத்தரவாதமும் ஈடுகட்டாது.

கேள்வி: வாங்கி மூன்று வாரமே ஆன எஸ்.எம்.பி.எஸ். பழுதாகிவிட்டது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார்.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்த வரியைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காதபோது 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகச் செயல். பில் தர மறுப்பதும் அப்படித்தான். முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில்லில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், பெட்டியின் மேல் ஒட்டியுள்ள எண்ணையும் பில்லையும் சேர்த்து ஒரே படமாக எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு பொருளைக் கடையில் ஒப்படையுங்கள்.