பெட்டை வாத்தின் பிடரியில் இறகு கொட்டுவது ஏன்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் ஆறு வாத்து வளர்க்கிறோம். மூன்று ஆண், மூன்று பெட்டை, எல்லாமே ஒரு வயது. கொஞ்ச நாளாக இரண்டு பெட்டைகளுக்குப் பிடரியில் இறகே இல்லை, தோல் தெரிகிறது. ஒன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கமே வராமல் புதர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. ஆண்கள் ஒன்றையொன்று துரத்திக் கடிக்கின்றன. பேன் மருந்து தெளித்தும் பலனில்லை. இது என்ன நோய்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. மூன்று பெட்டைக்கு மூன்று ஆண் என்பதுதான் சிக்கல்.

இணைசேரும்போது ஆண் வாத்து பெட்டையின் முதுகில் ஏறி, வழுக்கி விழாமல் இருக்கப் பிடரி இறகை அலகால் கவ்விக்கொள்ளும். ஒரு ஆணுக்கு நான்கைந்து பெட்டை இருந்தால் பெரிய சேதம் வராது. உங்கள் வீட்டில் அதே மூன்று கழுத்துகள் நாள் முழுக்கக் கடிபடுகின்றன. பகல் நீளும் பருவத்தில் இந்த வேகம் இன்னும் கூடும். தண்ணீருக்குள் நடந்தால் ஆபத்து அதிகம். ஒரு ஆண் ஏறியிருக்கும்போதே மற்றவையும் வந்து ஏறினால் பெட்டையின் தலை அமுங்கி, அது மூழ்கியே செத்துப்போகலாம். அந்தப் பெட்டை தொட்டிக்கு வர மறுப்பது பயத்தினால்தான் இருக்கும்.

அதனால் இன்றைக்கே மூன்று ஆண்களையும் தனியாகப் பிரியுங்கள். பெட்டைகள் கண்ணில் படாத இடமாக இருப்பது நல்லது. பெட்டை இல்லாத இடத்தில் ஆண்கள் பெரும்பாலும் தங்களுக்குள் சமாதானமாகவே இருக்கும். முட்டை நின்றுவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். குஞ்சு வேண்டுமென்றால்தான் ஆண் தேவை, முட்டைக்குத் தேவையில்லை.

பிரித்த கையோடு ஒவ்வொரு பெட்டையையும் பிடித்துப் பாருங்கள். பிடரித் தோல் கிழிந்திருக்கிறதா, கண் வீங்கியிருக்கிறதா, நொண்டுகிறதா? காயம் ஆழமாக இருந்தாலோ, ஒதுங்கி நிற்கும் பெட்டை தீவனம் எடுக்காவிட்டாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பேன் இருந்தால் இறக்கைக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிடுங்கள். வாத்து நாள் முழுக்க அலகால் இறகைக் கோதும், தெளித்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போகும்.

இறகு எந்த இடத்தில் போகிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். வருடாந்திர இறகு உதிர்ப்பு என்றால் உடம்பு முழுக்கக் கொட்டும், இரண்டு சிறகின் பெரிய இறகுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழும், முட்டையும் குறையும். நெஞ்சில் மட்டும் வெறுமையாக இருந்தால், அடைக்கு உட்காரும் பெட்டை தன் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டில் பரப்பியிருக்கும்.

இனி, இறகு திரும்ப முளைப்பது. வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரங்களில் புதியது வந்துவிடும். ஒடிந்து அடிக்கட்டை மட்டும் நிற்கிற இடத்தில் அடுத்த இறகு உதிர்ப்பு வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதைப் பிடுங்கிவிடாதீர்கள். முளைக்கும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அந்த நேரத்தில் ஆணைத் திரும்ப விட்டால், ஒரு கடிக்கே இரத்தம் கொட்டும். இறகு பெரும்பாலும் புரதம்தான் என்பதால், வழக்கமான 16 சதவீதப் புரதத் தீவனத்துக்குப் பதிலாக 18 முதல் 20 சதவீதம் உள்ளதைக் கொஞ்ச நாள் கொடுங்கள். ரொட்டித் துண்டு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தலையை முழுசாக முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கட்டும்.

கழுத்து மூடிய பிறகும் மூன்று ஆண்களையும் திரும்ப விடக் கூடாது. ஒன்று போதும், அதுவும் அமைதியானதாகப் பார்த்து. மூன்று பெட்டைக்கு அந்த ஒன்றுகூட அதிகமாகலாம், அதனால் தினமும் பிடரியைப் பாருங்கள். புதிதாகப் பெட்டை வாங்குவதென்றால் குஞ்சாக வாங்காதீர்கள், மறுபடி ஆணே வந்து சேரலாம். வளர்ந்ததை வாங்கும்போது குரலைக் கேளுங்கள்: பெட்டை உரக்கக் கத்தும், ஆணின் குரல் கரகரத்து அடங்கியிருக்கும். வாங்கியதை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகு வலைக்கு அந்தப் பக்கம் விட்டுப் பழக்குங்கள். அப்புறம் மற்றவற்றோடு சேர்க்கலாம்.