மகனை அனுப்ப மறுக்கும் கணவர்: வழக்கை எங்கே போடுவது?

கேள்வி: கணவரைப் பிரிந்து இரண்டு வருடமாகக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஏழு வயது மகன் இங்கேதான் தமிழ்வழியில் படிக்கிறான். பொங்கலுக்குப் பொள்ளாச்சிக்கு அழைத்துப்போன கணவர் திருப்பி அனுப்பவில்லை. "ஐந்து வயது தாண்டினால் பிள்ளை அப்பாவுக்குத்தான், உனக்கு வேலையும் இல்லை" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், சகோதரி. ஐந்து வயது வரை குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். அதற்குப் பிறகு அப்பாவுக்கே என்று அதில் எங்கும் இல்லை. குழந்தையின் நலனே தலையாயது என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. வேலை இல்லை என்பதற்காக மட்டும் நீதிமன்றம் பிள்ளையைத் தர மறுக்காது. செலவுக்குப் பணம் தருவது அப்பாவின் கடமை, அதைத் தனியாகக் கேட்கலாம்.

வழக்கை எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றம்தான் விசாரிக்கும். பண்டிகைக்குப் போன பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டால் அவன் ஊர் மாறிவிடாது. எனவே பாலக்காடு குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள். பள்ளிச் சேர்க்கைச் சான்று, வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்து வையுங்கள். அவன் தினமும் எங்கே தூங்கி எழுந்து பள்ளிக்குப் போனான் என்பதற்கு இவைதான் சாட்சி. வழக்கு முடியக் காத்திருக்காமல், இடைக்காலப் பொறுப்பு கேட்டு அதே 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மனுவும் சேர்த்தே போடுங்கள். நாள் கடத்தினால், "பிள்ளை இங்கே பழகிவிட்டான்" என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

நீதிபதி மகனைத் தனியே அழைத்துப் பேசலாம். அவனுக்குத் தமிழ்தான் சரளமாக வரும் என்பதை முன்பே வக்கீல் மூலம் தெரிவித்து, தமிழ் தெரிந்த கவுன்சிலரைக் கேளுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்து விடாதீர்கள். அது பிள்ளைக்குப் பெரிய பாரம், நீதிபதிக்கும் தெரிந்துவிடும்.

அப்பாவைப் பார்க்கவே விடமாட்டேன் என்றும் நிற்காதீர்கள். இரு பெற்றோரின் அன்பும் குழந்தைக்கு வேண்டும், நேரில் முடியாதபோது வீடியோ காலிலாவது பேசட்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களே ஒரு திட்டம் கொடுங்கள்: மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு, கோடை விடுமுறையில் பாதி, ஓணம் ஒருவரிடம், பொங்கல் இன்னொருவரிடம். எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைப்பது என்பது வரை உத்தரவில் வர வேண்டும். அப்போதுதான் இந்தப் பொங்கலுக்கு நடந்தது இன்னொரு முறை நடக்காது.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால், பாலக்காடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.