கேள்வி நேரம்: விளம்பரத்தில் சிரிக்கும் முகங்கள்

கேள்வி: என் மகள் குடிமைப் பணித் தேர்வு எழுத விரும்புகிறாள். எந்தப் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தாலும், தேர்ச்சி பெற்றவர்களின் படங்களாகவே இருக்கின்றன. ஒரே பெண்ணின் படம் மூன்று நிறுவனங்களின் விளம்பரத்திலும் வந்திருக்கிறது. இதில் யார் சொல்வது பொய்?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பெண் ஒரு நிறுவனத்தில் முழுநேர வகுப்பிலும், இன்னொன்றில் மாதிரித் தேர்வுத் தொடரிலும், மூன்றாவதில் இலவச மாதிரி நேர்முகத்திலும் கலந்துகொண்டிருந்தால், மூவரும் அவரை 'எங்கள் மாணவி' என்று சொல்லிக்கொள்ள முடியும். அவர் எங்கே, எதைப் படித்தார் என்பதை விளம்பரம் சொல்லாமல் விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

2023ஆம் ஆண்டுத் தேர்வின் கணக்கைப் பாருங்கள். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624 பேர். நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,855 பேர். இறுதியில் தேர்வானவர்கள் 1,016 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய 580 பேருக்கு ஒருவர்தான் வென்றார் என்றாலும், நேர்முகம் வரை போனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வென்றுவிட்டார்கள். ஆகவே, நேர்முகத்துக்குத் தகுதி பெற்றவர்களை இலவசமாக அழைத்து, அரை மணி நேரம் கேள்வி கேட்டு அனுப்பும் நிறுவனம், வேறெதுவும் கற்பிக்காமலேயே அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். உங்களிடம் கேட்கப்படும் கட்டணமோ முதல்நிலைத் தேர்விலிருந்து தொடங்கும் வகுப்புக்கு உரியது. அந்த வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதல்நிலையிலேயே நின்றுபோனார்கள் என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தக் காரணத்துக்காகவே பல பயிற்சி நிறுவனங்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது. படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நேர்முகப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்பதை மறைத்தது குற்றமாகக் கொள்ளப்பட்டது. 2024 நவம்பரில் வெளியான நெறிமுறைகளின்படி, மாணவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த, அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றாக வேண்டும். அவர் சேர்ந்த பயிற்சி எது, கட்டணம் செலுத்திப் படித்தாரா என்பதையும் படத்துடன் குறிப்பிட வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும். 1915 என்ற உதவி எண்ணில் நீங்களும் புகார் செய்யலாம்.

சேர்க்கைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் மகள் சேரப்போகும் இதே வகுப்பில் சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் முதல்நிலைத் தேர்வில் தேறினார்கள்?" இதற்கு விடை சொல்லாமல், 'இன்றே பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை' என்று பேச்சை மாற்றினால், கைப்பையைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞர் எந்த வகுப்புக்கும் போகாமல், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலேயே படித்துக் குரூப் 2 தேர்வில் வென்றுவிட்டார். பயிற்சிக் கட்டணம் வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: வேண்டும். விருதுநகர்த் தாய் பார்த்த விளம்பரத்தில் இருக்கும் அதே குறை உங்கள் வாதத்திலும் இருக்கிறது. அந்த இளைஞரைப் போலவே அதே நூலகத்தில் பல மாதம் படித்தும் தேறாதவர்களை நீங்கள் அறிய வாய்ப்பில்லை. அவர்களுக்குத் தெருவில் யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. பயிற்சிக் கட்டணம் வீண் என்று நீங்கள் ஏற்கெனவே நினைத்திருந்தால், இந்த ஒரு வெற்றி உடனே மனத்தில் பதியும். வகுப்புக்குப் போய் வென்ற பக்கத்துத் தெருக்காரரோ நினைவுக்கே வரமாட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள் என்றால், பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கணக்கில் மட்டும் மதிப்பெண் குறைகிறது என்றால், கணக்குக்கு மட்டும் ஓர் ஆசிரியரைத் தேடினால் போதும்.